பவுடர் டப்பாவில் ஒரு காக்கிச் சட்டை

வெங்கமடையில் நெருப்பு தீக்குச்சியை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி போடுகிற நேரம். ஊரில் ஐந்து தீப்பெட்டி ஆபீஸ், வீட்டுக்கு ஒரு ஆளாவது குச்சி அடுக்கவோ பெட்டி ஒட்டவோ மருந்து முக்கவோ போய்வருகிற ஊர், அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு குச்சி பத்தவில்லை என்றால் சிரிப்பு வருமா வராதா, முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். முதல் குச்சி பத்தாதபோது ஈரம் என்றார்கள், முதல் பெட்டி தீர்ந்தபோது நேற்று மருந்து கலக்கினவனைத் திட்டினார்கள், மூன்றாவது பெட்டியும் தீர்ந்த பிறகு பக்கத்து வீட்டில் கங்கு வாங்கக் கரண்டியோடு கிளம்பினார்கள், பக்கத்து வீட்டுக்காரி அவள் கரண்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தாள்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று உரசினால் அதே குச்சி ஜோராகப் பத்தியது. பத்தினதைக் கைக்குள் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டினால் அவிந்துபோனது. லாந்தரில் வைத்துக் கொண்டுவந்து பார்த்தார்கள், கரியடுப்பைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து பார்த்தார்கள், தண்டவாளத்தைத் தாண்டின மாத்திரத்தில், தூங்கிப்போன பிள்ளையின் பிடி தளர்கிற மாதிரி நெருப்பு தளர்ந்துபோனது. ஏன் என்று சொல்ல ஆளில்லை. ரெண்டு நாள் ஏன் ஏன் என்று கேட்டுப் பார்த்தார்கள், அப்புறம் வயிறு கேட்க ஆரம்பித்ததால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். ஆபீஸ்களையும் மூடவில்லை, எதற்கு மூட வேண்டும், லாரி ஏறிப் போன பெட்டிகள் போன ஊரிலெல்லாம் ஒழுங்காகத்தான் பத்தின, ஆகவே பகலெல்லாம் நெருப்பை அடுக்கி அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஊறவைத்த அவலைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

அந்த ஊரில் மறுபடி முதல் அடுப்பை மூட்டினது வெயிலாட்சி. முப்பத்தொன்பது வயது, மேலத்தெருவில் கடைசி வீடு, ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள், ஒரே மகள் பொன்மாரி. புருசன் அய்யாத்துரை போர்வெல் லாரியில் வேலைக்கு ஏறி வடக்கே போய்ப் பதினோரு வருசம் ஆகிறது. நாக்பூர் பக்கத்திலிருந்து ரெண்டு கடுதாசி வந்தது, அதோடு சரி. அவர் கிளம்பின அன்றைக்குத் துவைத்துப் போட்ட காக்கிச் சட்டை ஒன்று கொடியில் ஈரமாகக் கிடந்தது, லாரி தெருமுனையில் ஹாரன் அடிக்கிற அவசரத்தில், "காஞ்சா எடுத்து வையி, வந்து போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எடுத்து வைத்தாள். ரெண்டு மாசம் மடித்தே வைத்திருந்தாள். அப்புறம் அதை ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள், ஏனென்றால் தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைகள் மருந்துக் கறை சேலையில் படாமலிருக்க எல்லோருமே சேலைக்கு மேலே புருசன் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். எத்தனை வருசம் போட்டாலும், காலர் நைந்து நாலு ஒட்டுப் போட்டாலும், கேட்டால் அவுக சட்டை என்றுதான் சொல்வார்கள், வெயிலாட்சியும் அப்படித்தான் சொன்னாள்.

ஊருக்குத் தெற்கே வேலிக்கருவையை வெட்டிப் போட்டு மண்மூடி வைத்திருந்த கரிமூட்டம் ஒன்று, நெருப்பு போகிறதற்கு முந்தியே மூடினது, சனிக்கிழமை பிரிக்க வேண்டியிருந்தது. கூலிக்குப் போனவர்களில் வெயிலாட்சியும் ஒருத்தி. உள்ளே கரி விளைந்திருந்தது, நெருப்பு இல்லை. மூட்டத்தின் புகைவாயை அடைத்திருந்த பழைய துண்டு ஒன்று மட்டும் சாம்பலாகாமல், இழை இழையாகக் கண்ணுக்குத் தெரிய, கறுகறுவென்று கிடந்தது. அவள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள், அது மண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று கிடந்த வெங்கச்சங்கல்லில் பட்டது, தெறித்த பொறி அந்தத் துண்டின் மேல் விழுந்தது, விழுந்த இடத்தில் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக ஒன்று உட்கார்ந்தது, உட்கார்ந்தது அவியாமல், சத்தமில்லாமல், அகலமாகிக்கொண்டே போனது. நாலு நாளாக நெருப்பைக் கண்ணால் பார்க்காத பொம்பளைகள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மிச்சத் துண்டைக் கிழித்து மடியில் முடிந்துகொண்டு, கைக்கு அடங்குகிற வெங்கச்சங்கல் ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு வெயிலாட்சி வீட்டுக்கு வந்தாள். தேங்காய் நாரைக் குருவிக்கூடு மாதிரிச் சுருட்டி வைத்தாள், கறுத்த துணியைக் கல்லின் விளிம்போடு சேர்த்துப் பிடித்து, ஒடிந்த அரம் ஒன்றால் மேலிருந்து கீழாகச் சரட்டென்று இழுத்தாள், பொறி விழுந்து ஒட்டியது, நாருக்குள் பொதிந்து ஊதினாள், தீ வந்தது. தீயோடு சுடலைமுத்துவும் வந்தார்.

சுடலைமுத்து கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர், மூன்று வருசத்துக்கு முன்னால் பாம்பு கடித்துச் செத்தவர், இப்போது மூட்டம் போடுகிற அவர் பெண்டாட்டி புகைவாயில் திணித்திருந்தது அவருடைய துண்டு. வந்தவர் வாசல் வழியாக வரவில்லை, பானைக்குப் பின்னால் இருந்த இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப்பட்டு அவராக ஆனது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரெண்டு உள்ளங்கையையும் தீயின் பக்கம் நீட்டினார், அந்த உள்ளங்கைகளில் ஒரு ரேகைகூட இல்லை. வெயிலாட்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள். அவர் பேசவில்லை. நாலு நாளாகச் சோறு தின்னாத வீடு, அவள் உலையை வைத்தாள். வெந்து இறக்கும்போது பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த பக்கத்து அரிசி மட்டும் வேகாமல் பல்லு பல்லாக நின்றது. அடுப்பை அவித்ததும் அவரைக் காணோம், அவர் இருந்த தரை கிணற்றுப் படி மாதிரிச் சில்லென்று இருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பாடம் படித்துவிட்டது. கடைப் புதுத்துணியைக் கருக்கினால் பொறி தங்காது. உயிரோடிருக்கிறவர் துணியைக் கருக்கினாலும் தங்காது. செத்தவர் உடம்பில் கிடந்த நூல்துணி, அதில் விழுந்தால் மட்டும் பொறி ஒட்டும், ஒட்டினால் தீயோடு அவரும் வருவார், அந்த அடுப்பு எரிகிற மட்டும் குளிர்காய்ந்துவிட்டுப் போவார், ஒரு துண்டுக்கு ஒரு தரம். அந்தத் தீயை இன்னொரு அடுப்புக்கு எடுத்துப் போனால் வழியிலேயே அவிந்துவிடும். அதைக் கருக்குத்துணி என்றார்கள். அதைப் பக்குவமாகச் செய்ய வெயிலாட்சிக்குத்தான் கைவந்தது. துணியைத் தீப்பெட்டி அகலத்துக்குக் கத்தரிப்பாள், காலிப் பவுடர் டப்பாவில் நெருக்கமில்லாமல் அடுக்கி மூடிக் கங்குக்குள் புதைப்பாள், மூடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு மஞ்சள் புகை வந்து மூக்கை எரிக்கும், பிறகு நூல் நூலாக மெலிந்து நின்றுபோகும், நின்றதும் டப்பாவை வெளியே உருட்டி ஓட்டைகளைக் களிமண்ணால் அப்பி அடைத்துவிட்டு, தொட்டால் சுடாத பதம் வருகிற வரைக்கும் அதைத் திரும்பியே பார்க்கமாட்டாள். முந்தி எடுத்தால் துணி பழுப்பாக நின்றுபோகும், பொறி ஒட்டாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் எல்லாம் சாம்பல். ஊரில் பாதிப் பேர் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தாங்களே கருக்கி, சூட்டோடு திறந்து, இருந்த ஒரே வேட்டியையும் பாழாக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட வந்தார்கள்.

முறை தவறாத வீடுகள்தான் இதில் முதலில் மாட்டிக்கொண்டன. சாவு விழுந்தால் செத்தவர் துணிமணியை வீட்டில் வைக்கக்கூடாது, வண்ணாருக்குக் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைச் சுடுகாட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒழுங்காகச் செய்த பெரிய வீடுகளில் ஒரு கோவணத் துணி தேறவில்லை. மாமியார் சேலையைத் தொட்டில் கட்டின வீட்டிலும், அப்பன் வேட்டியைப் பாத்திரம் துடைக்கப் போட்ட வீட்டிலும், கொடுக்க மனசில்லாமல் பரண்மேல் முடிந்து வைத்த வீட்டிலும் அடுப்பு எரிந்தது. இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் ஆளுக்கு ரெண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனார்கள், அதில்தான் கூத்து.

"மதினி, உங்க மாமனாரு எங்க அடுப்படியில உக்காந்திருக்காரு. தண்ணிக்கொடம் கொண்டுபோக வழியில்ல, செத்த நகரச் சொல்லுங்க."

"உசுரோட இருக்கையிலயே நாஞ் சொல்லிக் கேட்டதில்ல. நீங்களே சுத்திப் போயிக்கிடுங்க."

இப்படிப் பேசிப் பேசியே பழகிப்போனது. அவர்கள் உட்காருகிற பக்கம் அரிசி வேகாது என்பதால் நடுவில் ஒருதரம் பானையைத் திருப்பி வைக்கப் பழகினார்கள். பிள்ளைகள் அடுப்படியில் ஓடும்போது ஒதுங்கி ஓடப் பழகின. காலை ஆறு மணிக்கு ஊரெங்கும் கூரைகளின்மேல் புகை எழும்பும், ஒவ்வொரு புகைக்குக் கீழேயும் ரேகையில்லாத ரெண்டு கை நீண்டிருக்கும். பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்கள் தீயை மட்டும் பார்த்தார்கள். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கண் தீயைவிட்டு வராது. கீழத்தெருவில் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அதன் கவுனைக் கருக்கி, பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை விறகு தள்ளித் தள்ளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அந்தப் பிள்ளை ஒருதரம்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் மிச்சத் துண்டுகளை அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

வெயிலாட்சி வீட்டுக்குச் சுடலைமுத்து தினமும் வந்துகொண்டிருந்தார், அவளிடம் வேறு துணி இல்லை. புருசன் இல்லாத வீட்டில் அந்நிய ஆம்பளை காலையும் மாலையும் உட்கார்ந்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியது, செத்தவன்தானே என்று சொன்னாலும் ஆம்பளைதானே என்றார்கள். சுடலைமுத்துவின் பெண்டாட்டி ஒருநாள் வந்து வாசலில் நின்றே அவரைப் பார்த்தாள். "இங்கயே இருக்கட்டும்த்தா, எங்க அடுப்படி சின்னது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் பேச்சு அடங்கவில்லை, எல்லோரும் சுற்றி வளைத்து ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள், ஆணியில் தொங்குகிற சட்டை இருக்கையில் உனக்கு எதுக்கு ஊரான் துண்டு என்றார்கள். அவள் காதில் விழாத மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

பொன்மாரிக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தெரு, அவன் அம்மா சங்கரவடிவு வெயிலாட்சிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவள், ரெண்டு பேரும் ஒரே வாளித் தண்ணீரில் கை கழுவுகிறவர்கள், நல்ல மனுசி. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அச்சாபீஸ் தவமணி பத்திரிகையின் மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டான்.

"யக்கா, அத்தான் பேருக்கு முன்னால திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா?"

பதினோரு வருசத்தில் இதை யாரும் அவளிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. தெரியாது என்பதுதான் பதில், அந்தத் தெரியாததற்குள்ளேயே அவள் குடும்பம் நடத்தினாள், பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், வருசா வருசம் தாலியைப் புது மஞ்சள்கயிற்றில் கோத்தாள். ஆனால் இப்போது தெரியாது என்று சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள ஊருக்கே வழி இருக்கிறது. சங்கரவடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல மதினி. ஆனா எங்க சாதிசனம் கேக்காக. பாத்துருவோம். வெள்ளிக்கிழம காலையில நானும் வாரேன், செல்லையா அண்ணனையும் கூப்புட்டுக்கிடுவோம்." செல்லையா அய்யாத்துரையின் கூடப்பிறந்த மூத்தவர், பொன்மாரிக்குப் பெரியப்பா.

விசயம் இதுதான். அய்யாத்துரை அடுப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டால் வெயிலாட்சி அந்தக் காலையிலிருந்து தாலியறுத்தவள், மணவறைப் பக்கம் போகக்கூடாது, ஒற்றை மகள் கழுத்தில் தாலி ஏறுகிறதை மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பொறி ஒட்டாமல் போனால் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், இருந்துகொண்டே வரவில்லை, பெண்டாட்டியும் பிள்ளையும் வேண்டாம் என்று இருக்கிறார், அதைச் சபையில் எல்லோர் முகத்திலும் படித்துக்கொண்டே மணவறையில் நிற்க வேண்டும். பொன்மாரி கையைப் பிடித்துத் தானே மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் வெயிலாட்சி இந்தப் பதினோரு வருசமும் ஆசைப்பட்டது. அதற்காக அவர் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டினாள். வேண்டிக்கொண்டிருக்கும்போதே, செத்திருந்தால் நல்லது என்றும் நினைத்தாள், செத்தவர்மேல் கோபப்பட வேண்டியதில்லை என்று. நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சுடலைமுத்துவின் கடைசித் துண்டால் அடுப்பை மூட்டினாள். அவர் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். அவருக்கு முன்னாலேயே சட்டையை மடியில் போட்டுக் கத்தரித்தாள். ஒருதரம் முகர்ந்து பார்த்தாள், அவர் வாசனை ஏதாவது ஒட்டியிருக்குமா என்று. மருந்து வாசனைதான் அடித்தது, அதுக்குக் கீழே வேர்வை. டப்பாவில் அடுக்கிக் கங்கில் புதைத்தாள். வெள்ளைப் புகை வந்தது, மஞ்சள் புகை வந்தது, நின்றது. வெளியே உருட்டி மண் அப்பினாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கை நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் பொறு பொறு என்று பாடம் சொன்னவள், டப்பா ஆறுகிற வரை பொறுக்கமாட்டாமல், முந்தானையால் பிடித்து மூடியைத் திருகிவிட்டாள். காற்றுப் பட்டதும் மேலடுக்கு வெளுத்தது, நடு அடுக்கு வெளுத்தது, உள்ளே விரலை விட்டுத் துழாவினதில் அடியில் ரெண்டே ரெண்டு துண்டு கறுப்பாக மிஞ்சியிருந்தன. சாம்பலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார், தீ அணைந்ததும் போனார், இனி வரமாட்டார்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் அடுப்படியில் நாலு பேர் இருந்தார்கள், வெயிலாட்சி, பொன்மாரி, சங்கரவடிவு, செல்லையா. தவமணி மாதிரித் தாளோடு வாசலில் நின்றான். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தெருக்காரர்கள் நின்றார்கள். பொன்மாரி தலைகூட வாரவில்லை. "வேண்டாம்மா, கல்யாணமே வேண்டாம்மா" என்று ஒரு தரம் சொன்னாள்.

வெயிலாட்சி துணியைக் கல்லோடு சேர்த்துப் பிடித்து அரத்தை இழுத்தாள். பொறி விழுந்து துணிமேல் உருண்டு அவிந்தது. ரெண்டாவது தரம் இழுத்தாள், விழுந்தது, அவிந்தது. செல்லையா மூச்சை விட்டார். "எந்தம்பி இருக்கான்" என்றார், அந்தக் குரலில் சந்தோசமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. மூன்றாவது தரம் இழுத்தாள். பொறி விழுந்தது. உட்கார்ந்தது. சிவப்பு ஒரு குன்றிமணி அளவு ஆனது, அப்புறம் ஒரு பொட்டு அளவு ஆனது.

சங்கரவடிவு எழுந்து வந்து வெயிலாட்சியின் தோளில் கையை வைத்தாள், இப்படி ஒரு கை தோளில் விழுந்தால் அடுத்து என்ன என்று பொம்பளைகளுக்குத் தெரியும். பொன்மாரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வெயிலாட்சிக்குக் கண்ணீர் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது, அந்த அப்பாடாவைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் ஒட்டின பொறியை ஊதாமல் விடமுடியாது, நாருக்குள் பொதிந்து ஊதினாள். தீ வந்தது.

பானைக்குப் பின்னால் இருட்டு கட்டிப்பட்டது. முதலில் தெரிந்தது காக்கிச் சட்டை. செல்லையா, "தம்பீ" என்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சட்டைக்கு மேலே கழுத்து வந்தது, கழுத்தில் மஞ்சள்கயிறு இருந்தது. கனகாம்பரம் வைத்த கொண்டை வந்தது. கடைசியாக முகம் வந்தது. செல்லையாவின் அழுகை பாதியில் நின்றுவிட்டது.

இருபத்தெட்டு வயது, கன்னம் ஒட்டவில்லை, மூக்குத்தி போட்டிருந்தாள், சட்டையில் ஒரு ஒட்டுகூட இல்லை, காலர் விறைப்பாக நின்றது. ரேகையில்லாத கை ரெண்டையும் தீப்பக்கம் நீட்டிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தது வெயிலாட்சி. இதுவரை வந்த செத்தவர்கள் எல்லோரும் தீயைத்தான் பார்த்தார்கள், இவள் பார்க்கவில்லை. கை தீப்பக்கம் இருந்தது, கழுத்து திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாதிரித் தாளோடு நின்ற தவமணி தன்னைத்தான் பார்க்கிறாளோ என்று நினைத்து ஒதுங்கினான், அவள் கண் அவன் நின்ற இடத்திலேயே இருந்தது.

"அம்மா" என்றாள் பொன்மாரி. உயிரோடிருந்தவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இந்த முகம்தான் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றது, அதன்பிறகு அதை அவள் பார்த்ததேயில்லை. தவழ்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், அக்காளும் தங்கச்சியும் மாதிரி இருந்தார்கள். வெயிலாட்சிக்கு வயிறு எரிந்தது. நான்தானே வளர்த்தேன், நீ எப்போ செத்தே, சொல்லாமல் எப்போ செத்தே என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. நாக்பூர்க் கடுதாசி நின்ற வருசமா, மூக்குத்தியைக் கழற்றின அன்றா, சும்மா ஒருநாள் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும்போதா, அவளுக்கு ஞாபகமில்லை. அந்தச் சட்டைக்குள் தினமும் கையை நுழைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள், உள்ளே யார் செத்துக் கிடந்தார்கள் என்று பார்க்கவில்லை.

சங்கரவடிவு தோளில் வைத்த கையை எடுக்கவில்லை, ஆனால் அந்தக் கையின் கனம் மாறிவிட்டது. குனிந்து காதோரம் கேட்டாள். "மதினி, அப்படின்னா அண்ணன் வரலியே."

"வரல."

"வரலன்னா, உசுரோட இருக்காக."

"எங்கயோ இருக்கட்டும்" என்றாள் வெயிலாட்சி. எழுந்து போய் அரிசியைக் களைந்து கொண்டுவந்தாள், மூட்டின அடுப்பு சும்மா எரியக்கூடாது. உலையை வைக்கக் குனிந்தவள் அந்த முகத்துக்குப் பக்கத்தில், வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, "ஏட்டி, இந்தப்பக்கம் திரும்பு. அங்க ஒண்ணுமில்ல" என்றாள். அவள் திரும்பவில்லை. அந்தப் பக்கத்து அரிசி வேகவில்லை.

தவமணி தொண்டையைக் கனைத்தான். "அப்ப திருன்னு போட்டுரவாக்கா?"

"அவுக பேரு வேண்டாம். வெயிலாட்சி மகள் பொன்மாரின்னு போடு."

"அப்படிப் போடுத வழக்கமில்லியே."

"தீக்குச்சி பத்தாத ஊருல என்னப்பா வழக்கம்" என்றாள். தவமணி சங்கரவடிவைப் பார்த்தான். சங்கரவடிவு அடுப்போரம் இருந்தவளையும் அரிசி களைந்த கையோடு நின்றவளையும் ஒருதரம் மாறி மாறிப் பார்த்தாள். "போடுப்பா. எங்க சாதிசனம் கேட்டா நாஞ் சொல்லிக்கிடுதேன்" என்றாள். செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையல் அடுப்புகளை மாப்பிள்ளை வீட்டுத் துணிகளால் மூட்டினார்கள், சமையல் கொட்டகையில் மாப்பிள்ளையின் தாத்தாக்கள் நாலைந்து பேர் பெரிய அண்டாக்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், சமையல்காரர் அவர்களுக்கு ஏற்ற மாதிரி அண்டாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். மணவறைக் குத்துவிளக்குக்கு மட்டும் வெயிலாட்சி தன் தீப்பெட்டியைத் திறந்து கடைசித் துண்டை எடுத்தாள். ஒரே இழுப்பில் ஒட்டியது. விளக்கடியில் அவள் வந்து உட்கார்ந்தாள், காக்கிச் சட்டையும் கனகாம்பரமுமாக, கை ரெண்டும் விளக்குச் சுடரை நோக்கி, கண் ரெண்டும் மண்டப வாசலை நோக்கி. பிந்தி வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பார்வையில் நேராக வந்து மாட்டிக்கொண்டு, தங்களுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வெயில்தான் கிடந்தது.

வெயிலாட்சி பொன்மாரியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தாள். உட்கார வைத்தாள். அதன்பிறகு பெண்ணுக்குத் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை. படியிறங்கி வந்து, விளக்கடியில் இருந்தவளுக்கும் மண்டப வாசலுக்கும் நடுவில், அந்தப் பார்வை வருகிற வழியை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். ரெண்டு முகமும் ஒரு கை தூரத்தில் இருந்தன. பதினோரு வருசமாக யாரிடமும் சொல்லாததை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாததை, மேளச் சத்தத்துக்கு நடுவில் அவளிடம் சொன்னாள்.

"அவுக வரமாட்டாக."

அவள் கண் அசையாமல் இருந்தது, பார்வை வெயிலாட்சியின் முகத்தில் முட்டி நின்றது, முன்பின் தெரியாதவரைப் பார்க்கிற மாதிரி நெற்றியையும் கன்னத்தையும் மூக்குத்தி இல்லாத மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செத்தவர்களில் ஒருத்தர் உயிரோடிருக்கிற முகத்தைப் பார்த்தது வெங்கமடையில் அது ஒருதரம்தான். அப்புறம் கழுத்தை மெல்லத் திருப்பினாள். சுடரைப் பார்த்தாள், சுடருக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாகப் பொன்மாரி இருந்தாள், கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி ஏறுகிற மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு வந்து விளக்கைப் பூவால் ஒற்றி அமர்த்தினபோது விளக்கடியில் நாலு கனகாம்பரப் பூ நிழல் மாதிரிக் கிடந்து, அதுவும் இல்லாமல் போனது. வெயிலாட்சி எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் பூசின சந்தனத்தை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போனாள். வெறும் சேலையோடு பலகை முன்னால் உட்கார்ந்து குச்சிகளை அள்ளிச் சட்டத்தில் அடுக்கினாள். ஒரு மணி நேரத்துக்குள் முந்தானையில் மருந்துக் கறை பட்டுவிட்டது. பக்கத்துப் பலகையிலிருந்து சங்கரவடிவு அதைப் பார்த்தாள்.

"அண்ணன் சட்டை ஒண்ணுதான இருந்துச்சு, இனி என்ன செய்வீக மதினி?"

"அது அவுக சட்டை இல்ல மதினி" என்றாள் வெயிலாட்சி. "அவ போட்டுக்கிட்டுப் போயிட்டா." அடுத்த சட்டத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.